"பயமே வரவில்லை": ஒரு தீர்ப்பின் இலக்கணம்

2023 செப்டம்பர் 28 அன்று 'சந்திரமுகி 2' வெளியானது. திரையரங்கில் பார்த்தவர்களும், பின்னர் வீட்டில் அமர்ந்து கைப்பேசியில் பார்த்தவர்களும் பெருவாரியாகச் சொன்ன வாக்கியங்கள் இரண்டு. ஒன்று, முதல் படம் மாதிரி இல்லை. மற்றொன்று, பயமே வரவில்லை.

இவ்விரண்டையும் ஆய்வுலகம் வெகு எளிதாகக் கடந்து போகிறது. முதல் வாக்கியத்துக்குப் பழைய படத்தின் மீதான ஏக்கம் என்று பெயர் சூட்டிவிடலாம். ரஜினிகாந்த் இருந்த இடத்தில் ராகவா லாரன்ஸையும், ஜோதிகா ஆடிய அரங்கில் கங்கனா ரணாவத்தையும் ஏற்க மனம் ஒப்பவில்லை என்று விளக்கிவிடலாம். இரண்டாவது வாக்கியம் அதைவிடவும் மலிவாகக் கருதப்படுகிறது. பயம் வருவதும் வராததும் தனிமனித உணர்வு, அதில் ஆராய என்ன இருக்கிறது என்ற அலட்சியம். திரைப்பட ஆய்வேடுகளில் பார்வையாளர் கருத்துக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் இரண்டு பத்திதான். எஞ்சிய பக்கங்களெல்லாம் பனுவலுக்கும் கோட்பாட்டுக்கும் உரியவை.

ஆனால் 'பயமே வரவில்லை' என்பது உணர்ச்சியை மட்டும் தெரிவிக்கும் வாக்கியமாகத் தோன்றவில்லை. 2005 ஏப்ரல் 14 அன்று வெளியான 'சந்திரமுகி'யில் அச்சத்தை உண்டாக்கிய பொறி எது, இரண்டாம் பாகத்தில் அது எங்கே கழன்றது என்பதைப் பார்வையாளர் சரியாகவே கண்டுகொண்டார்கள். அதைச் சொல்வதற்கான கலைச்சொல் மட்டும் அவர்களிடம் இல்லை.

கதையின் வழித்தடத்தை ஒருமுறை நினைவுகூர வேண்டும். மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' 1993இல் மலையாளத்தில் வந்தது. பி. வாசு அதை 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என்றும், மறு ஆண்டு தமிழில் 'சந்திரமுகி' என்றும் எடுத்தார். 2007இல் பிரியதர்ஷன் இந்திக்குக் கொண்டுசென்றார். 'பூல் புலையா' என்பது அதன் பெயர். பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, இறந்துபோன நாட்டியக்காரி, அவளாகவே மாறிவிடும் ஒரு மனைவி, மனநல மருத்துவரான கணவனின் நண்பன். எந்த மொழிக்குப் போனாலும் இவை மாறவில்லை. பேயின் மொழி மட்டும் ஒவ்வொரு முறையும் மாறியது.

மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அவள் பேசுவது தமிழ். அவள் ஆடும் பாடலின் தமிழ் வரிகளை வாலி எழுதினார். கன்னடத்திலும் தமிழிலும் அந்த நாட்டியக்காரி தெலுங்குப் பெண். 'ரா ரா' என்ற பாடல் தெலுங்கிலேயே ஒலித்தது. இந்தியில் மஞ்சுலிகா வங்காளி. 'சந்திரமுகி'யைத் தெலுங்கில் மொழிமாற்றம் செய்தபோது பேய் தெலுங்கு பேசினால் கதை நிற்காது என்று கண்டு, அதே மெட்டில் 'வாராய்' என்று தமிழில் பாட வைத்தார்கள். ஒரே பேய், சந்தைக்குச் சந்தை அண்டை வீட்டு மொழியை எடுத்து உடுத்திக்கொள்கிறது. மொழியியல் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாட எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதை வைத்துக்கொண்டு விரைந்து ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்: புரியாத மொழி அந்நியத்தை உண்டாக்குகிறது, அந்நியம் அச்சத்தை உண்டாக்குகிறது. அண்டை மொழியினரைப் பேயாகக் காட்டும் அரசியல் என்று ஒரு கருத்தரங்கக் கட்டுரையே எழுதிவிடலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அந்த முடிவு நிற்குமா என்று சோதித்துப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அது அந்தமானில் உள்ள ஹேடோ.

சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்து வரும் பயணிகள் கப்பல்கள் போர்ட் பிளேயரின் ஹேடோ துறையில்தான் கட்டப்படுகின்றன. (நகரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றப்பட்டது, துறையின் பெயர் மாறவில்லை.) ஏறத்தாழ மூன்று நாள் கடற்பயணம் முடிந்து இறங்குவோர் தமிழோ வங்காளமோ தெலுங்கோ பேசிக்கொண்டு இறங்குகிறார்கள், துறையின் வாயிலைத் தாண்டி ஆட்டோக்காரரிடம் இந்திக்கு மாறுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, மலையாளம் 7. பேயின் மொழிகள் என்று மேலே பட்டியலிட்டவை மூன்றும் இங்கே காய்கறிக் கடையின் மொழிகள். பள்ளித் தோழியின் மொழிகள். மாடி வீட்டுக்காரர் தொலைபேசியில் உரக்கப் பேசும் மொழிகள்.

அயல்மொழியின் அந்நியம் மட்டுமே அச்சத்தின் ஊற்று என்றால், ஹேடோவில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை 'ரா ரா' பாடலைக் கேட்டு அஞ்ச வேண்டிய தேவையே இல்லை. அவளுக்கு அது பக்கத்து வீட்டு அக்காவின் பேச்சு. ஆயினும் அந்தக் காட்சி அவளையும் உறைய வைக்கக்கூடியது. காரணம், திரையில் நிகழ்வது தெலுங்கு ஒலிப்பது அன்று. கங்கா தெலுங்கில் பேசுவது. அதுவரை கணவன் அவளிடம் கேட்டிராத மொழி, கேட்டிராத குரலில் வருகிறது. நன்கு தெரிந்த ஒருத்தி, ஒரு வாக்கியத்தின் நடுவே தெரியாதவளாகிவிடுகிறாள். நாள்தோறும் நான்கு மொழிகளுக்கிடையே தாவும் ஊரில் இந்த நுட்பம் இன்னும் கூர்மையாகவே பிடிபடும். யார் யாரிடம் எந்த மொழியில் பேசுவார் என்பது அங்கே சிறு குழந்தைக்கும் தெரிந்த ஒழுங்கு. அந்த ஒழுங்கு காரணமின்றி உடைந்தால் முதலில் திடுக்கிடுவது அந்தக் குழந்தைதான்.

ஆகவே 'அண்டை மொழி அச்சுறுத்துகிறது' என்ற விளக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. சொல்லப்போனால், தமிழ் மண்ணில் தெலுங்கு வெறும் அண்டை மொழியும் அன்று. தஞ்சை நாயக்கர், மராட்டியர் அவைகளில் ஆடலின் மொழியாக இருந்தது தெலுங்கு. க்ஷேத்ரய்யாவின் பதங்கள் இன்றும் சென்னையின் பரதநாட்டிய மேடைகளில் அபிநயிக்கப்படுகின்றன. காதலனை அழைக்கும் நாட்டியப் பெண் தெலுங்கில் அழைப்பது நம் அரங்குகளுக்குப் பழகிய மரபு. சந்திரமுகி வெளியிலிருந்து வந்தவள் என்பதைவிட, உள்ளேயே இருந்து மறக்கப்பட்டவள் என்பது பொருந்தும். (மலையாளப் படத்தின் மாளிகைக் காட்சிகளில் ஒரு பகுதி படமாக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது, பராமரிப்பது கேரள அரசு. தமிழ்ப் பேய் ஆடியது தமிழ் நிலத்தில்தான் என்பது ஒரு சுவையான தற்செயல்.)

இனி, இரண்டாம் பாகம் எதை இழந்தது என்ற கேள்வி. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக நான்கைக் கூறுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இந்த நான்கையும் 'சந்திரமுகி 2' திரையில் நிறுத்துகிறது. அணங்காகச் சந்திரமுகியே நேரில் வருகிறாள். அவளுக்கு எதிரில் நிற்கும் வேட்டையனோ உண்மையில் செங்கோட்டையன் என்ற படைத்தலைவன். மன்னனைக் கொன்று, அவன் பெயரையும் அரியணையையும் கவர்ந்துகொண்டவன். கள்வனும் இறையும் ஓருடலில் அடக்கம். விலங்குக்குப் பாம்பு இருக்கவே இருக்கிறது. (முதல் படத்தில் அந்தப் பெரிய பாம்பு எதற்காக வந்தது, எதற்காகப் போனது என்று பதினெட்டு ஆண்டுகளாகப் பார்வையாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு விமரிசனமே.) நிலைக்களன் நான்கும் உண்டு, அச்சம் மட்டும் இல்லை.

ஏன்? முதல் படத்தில் அணங்கு உண்டா இல்லையா என்பது இறுதிவரை உறுதியாகத் தெரியாது. விந்தைப் புனைவு குறித்து 1970இல் எழுதிய த்ஸ்வெதான் தோதொரோவ், இயற்கைக்கு உட்பட்டதா அப்பாற்பட்டதா என்று முடிவு செய்ய இயலாமல் வாசகர் தயங்கும் அந்த இடைவெளியே அவ்வகைமையின் உயிர் என்றார். கங்காவின் தெலுங்கு அந்த இடைவெளியில்தான் ஒலித்தது. நோய் என்றால் இந்த மொழி எங்கிருந்து வந்தது? பேய் என்றால் மருத்துவர் சொல்வதெல்லாம் ஏன் பொருந்துகிறது? மந்திரவாதியும் மருத்துவரும் கைகோத்து அந்த இறுதிச் சடங்கை அரங்கேற்றும்போதுகூடக் கேள்வி முழுமையாக அடங்குவதில்லை. இரண்டாம் பாகத்தில் கேள்வியே இல்லை. பேய் இருக்கிறது, இரண்டு பேய்கள் இருக்கின்றன, அவை உடல்களில் புகுந்து வாளெடுத்துச் சண்டையிடுகின்றன. லட்சுமி மேனன் ஏற்ற திவ்யா பாத்திரம் எந்தக் குரலில் எந்த மொழி பேசினாலும் பார்வையாளருக்கு அதன் விளக்கம் முன்கூட்டியே கையில் இருக்கிறது. தயங்க ஒன்றுமில்லாத இடத்தில் நடுங்கவும் ஒன்றுமில்லை.

இது திரைக்கதை நுட்பம் பற்றிய குறை மட்டுமாக இருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், பேய் ஓட்டவும் நோய் தீர்க்கவும் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில், அன்றைய மிகப் பெரிய நட்சத்திரம் மனநல மருத்துவராகத் திரையில் தோன்றி, 'இவளுக்குப் பேய் பிடிக்கவில்லை, இவள் நோயாளி, குணமாவாள்' என்ற பொருளில் பேசினார். மருத்துவ நோக்கில் அந்தப் படத்தில் ஆயிரம் பிழைகள் உண்டு. பிளவுபட்ட ஆளுமை பற்றி அது தரும் சித்திரத்தை எந்த மனநல மருத்துவரும் அப்படியே ஏற்கமாட்டார். இருந்தும், கணவன் மனைவியைக் கட்டிப்போடாமல் காத்திருந்தான் என்பதைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள்.

அதே இயக்குநர், அதே பெயர், அதே வேட்டையபுரம் அரண்மனை. இரண்டாம் பாகத்தில் சந்திரமுகியின் ஆவி மெய்யாகவே அங்கே இருந்திருக்கிறது என்றால், 2005இல் கங்காவுக்கு வந்தது என்ன? மருத்துவர் சரவணன் சொன்னது பொய்யா? இரண்டாம் பாகம் முதல் பாகத்தின் நோயறிதலைப் பின்னோக்கிச் சென்று ரத்து செய்கிறது. அதைப் படக்குழு எண்ணிச் செய்ததாகத் தெரியவில்லை. எண்ணாமல் செய்ததே கவலைக்குரியது. 'முதல் படம் மாதிரி இல்லை' என்று சொன்னவர்களில் பலர் இந்த இழப்பையும் சேர்த்தே உணர்ந்திருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான சான்றுகள் உண்டு, மறைப்பது முறையன்று. கன்னடத்தில் 2010இல் பி. வாசுவே எடுத்த 'ஆப்தரக்ஷகா' பெருவெற்றி பெற்றது. ஆனால் அங்கே மருத்துவர் விஜய்யாக அதே விஷ்ணுவர்தன் திரும்பி வந்தார். படம் வெளியாகும் முன்னரே, 2009 டிசம்பர் 30 அன்று, அவர் காலமாகியிருந்தார். அரங்குக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் வந்தது விடைகொடுக்க. இந்தியில் 2022இல் வந்த 'பூல் புலையா 2' பேயை மெய்யென்றே வைத்துக்கொண்டும் ஓடியது. அது தன்னை நகைச்சுவைப் படமாகவே முன்வைத்தது. கதையையும் மனிதர்களையும் புதிதாக எடுத்துக்கொண்டது. பார்வையாளரும் அந்த அளவுகோலையே கையில் எடுத்தார்கள். 'சந்திரமுகி 2' அப்படிச் செய்யவில்லை. முருகேசனாக வடிவேலுவையும் பழைய நகைச்சுவையின் அச்சுகளையும் தக்கவைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் முதல் படத்தை நினைவூட்டிக்கொண்டே இருந்தது. ஒப்பிடுங்கள் என்று அதுவே அழைத்தது. பிறகு ஒப்பிட்டவர்களை ஏக்கம் கொண்டவர்கள் என்று எப்படிக் குறை கூறுவது?

மலையாளத்தில் கங்காவின் கதை தொடரப்படவே இல்லை. 2013இல் பிரியதர்ஷன் 'கீதாஞ்சலி'யில் மருத்துவர் சன்னியை மட்டும் மீட்டு வந்தார். பூட்டிய அறையைத் திறக்கவில்லை. 2024 ஆகஸ்டில் 'மணிச்சித்திரத்தாழ்' புதுப்பிக்கப்பட்ட வடிவில் மீண்டும் திரைக்கு வந்தபோது, ஒவ்வொரு வசனத்தையும் மனப்பாடமாக அறிந்தவர்கள் போய்ப் பார்த்தார்கள். கங்காதான் நாகவல்லி என்பது தெரியாத ஒருவர்கூட அந்த அரங்குகளில் இருந்திருக்கமாட்டார். அப்படியும் கணவன் தடுக்க, ஷோபனாவின் முகம் மாறி, மலையாளம் அறுந்து தமிழ் தொடங்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தார்கள். கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. நாகவல்லியின் குரலும் அவருடையதே என்று கேரளம் நெடுங்காலம் நம்பியது. அது துர்கா என்ற தமிழ்க் குரல் கலைஞருடையது என்பதை ஃபாசில் வெளிப்படையாகச் சொன்னது இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான்.