யாருடைய மாலைப்பொழுதைக் காப்பாற்றுகிறார் இவர்?

அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு மாலை நேர மையங்கள் இனித் தேவையில்லை, மூடிவிடலாம் என்று ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் அண்மையில் எழுதியிருக்கிறார். பள்ளி விட்டு வந்த குழந்தையை மறுபடி உட்கார வைப்பது குழந்தைப் பருவத்தைத் திருடுவதாம். அந்த நேரம் விளையாட்டுக்கும் பெற்றோருக்கும் உரியதாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களிடம் பிள்ளைகளை ஒப்படைப்பது பொறுப்பில்லாத செயலாம். அங்கே நடக்கும் பாட்டும் நாடகமும் படம் வரைவதும் வீண் வேலையாம். படித்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்துக்கொண்டு இந்தப் பதிலை எழுத நான் விரும்பவில்லை.

யாருடைய குழந்தைப் பருவத்தைப் பற்றி இவர் பேசுகிறார்? சென்னையிலும் கோவையிலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் மாலை எப்படிக் கழிகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இரண்டு நாள் பரதநாட்டியம், இரண்டு நாள் அபாகஸ், சனிக்கிழமை கீபோர்டு, நடுவில் இந்தி டியூஷன். இதற்கெல்லாம் பணம் கட்டும் பெற்றோரை அவர் ஒரு வரியில்கூடக் கடிந்துகொள்ளவில்லை. காசு கொடுத்து வாங்கும்போது திறமை வளர்ப்பாக இருப்பது, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெருவிலேயே இலவசமாகக் கிடைத்ததும் சுமையாகிவிடுகிறது. இப்படி ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருப்பவர் குழந்தைகள்மேல் பரிவு என்று பேசினால் நான் நம்ப மாட்டேன்.

பெற்றோரோடு கழிய வேண்டிய நேரம் என்கிறார். திருப்பூருக்கு வந்து பார்க்கட்டும். பனியன் கம்பெனியில் கைமடியாகவோ செக்கிங்கிலோ இருக்கும் அம்மா காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். ஆர்டர் நெருக்கும் வாரங்களில் அதையும் தாண்டும். பள்ளியோ நாலு மணிக்கு விட்டுவிடுகிறது. லைன் வீட்டு வாசலில் மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனை நேரமும் காத்திருக்கிறாள். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள். அரிசி களைந்து உலை வைக்கிறாள். கட்டுரையாளர் காப்பாற்றத் துடிக்கும் சுதந்திரமான மாலை இதுதான். தம்பியையும் கூட்டிக்கொண்டு வா என்று கூப்பிட ஒரு மையம் இருந்தால், அங்கே கழியும் ஒன்றரை மணி நேரம்தான் அவள் நாள் முழுவதிலும் குழந்தையாக இருக்கிற நேரம்.

பிள்ளைக்கு வீடும் பெற்றோருமே போதும் என்ற பேச்சு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1953-இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று பெயரிட்டு இந்த மாநிலம் அதை எதிர்த்தது. அடுத்த ஆண்டு காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. புத்தகம் இருக்கிற வீடுதான் பள்ளியாகும், மற்ற வீடுகளில் பிள்ளைக்கு வேலைதான் காத்திருக்கும் என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது. எழுபது ஆண்டு கழித்து அதே வாதத்தை அன்பு என்ற பெயரில் திரும்பக் கொண்டுவருகிறார் இவர்.

கட்டுரை தொடாமலே விட்ட ஒன்றுக்கு வருகிறேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இந்த மாலை மையங்களுக்கான இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பல சுற்றுகளாகச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் 2019-இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, 2021 டிசம்பரில் பின்னடைவு கடுமையாக இருந்தது. தமிழில் இருந்ததைப் போல இரு மடங்கு கணக்கில். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் மாலை மையங்களால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இழப்பு ஏழைக் குழந்தைகளுக்குத்தான் அதிகம். மீண்டு வந்ததிலும் அவர்களே வேகம். மையங்களுக்கு அதிகம் வந்தவர்கள் அவர்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறது ஆய்வு.

சில மாதங்களிலேயே மையங்களில் இதைச் செய்து காட்டியவர்கள் யார்? மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கோயில் திண்ணையிலும் வீட்டு வாசலிலும் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்த தன்னார்வலர்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பதே விதியாக இருந்தது. இவர் ஏளனம் செய்யும் அதே பெண்கள். கல்வித் துறையில் வாழ்நாளைக் கழித்தவர் இந்த ஆய்வைப் படிக்கவில்லையென்றால் இந்தப் பொருளில் எழுத உட்கார்ந்திருக்கக் கூடாது. படித்துவிட்டுச் சொல்லாமல் விட்டிருந்தால் அது நேர்மையில்லை.

தன்னார்வலர் ஆசிரியருக்கு மாற்றாக முடியாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு ஆள் போட வேண்டும், அதற்குப் போராட வேண்டும். மதவாத அமைப்புகள் தன்னார்வலர் பெயரில் உள்ளே வரக்கூடும் என்று 2021-இலேயே எழுந்த அச்சமும் நியாயமானதுதான். ஆட்களைப் பார்த்து எடு, கண்காணி என்பதே அதற்கு வழி, மையத்தை மூடுவதல்ல.

கலையைப் பற்றிய அவருடைய பத்திதான் என்னை அதிகம் காயப்படுத்தியது. ஏழைப் பிள்ளைக்கு எழுத்தும் வாய்ப்பாடும் வந்தால் போதும், ஆட்டம் பாட்டத்துக்கு நேரமில்லை என்கிறார். எழுத்துக் கூட்டத் தெரியாத மூன்றாம் வகுப்புப் பையன் பக்கத்தில் இவர் எப்போதாவது உட்கார்ந்திருக்கிறாரா? பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவான். நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து இது என்ன என்று கேட்டால் வாய் திறக்க மாட்டான். அதே பக்கத்தை இன்னும் எத்தனை தடவை நீட்டினாலும் பயன் இல்லை. திட்டு வாங்கிய பக்கம் அது. அவனைக் கதையில் நரியாக்கி, நரி பேச வேண்டிய ஐந்து வரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிப்பான். காக்கா எந்த இடத்தில் முடிக்கும் என்று தெரிந்தால்தான் தன் முறை வரும் என்பதால் பக்கத்துப் பெண்ணின் சீட்டையும் எட்டிப் படிப்பான். ஒரே பகுதியை வாய்விட்டுப் பல முறை படிக்கப் படிக்கத்தான் வாசிப்பு சரளமாகும். நாடகம் அதை அவமானம் இல்லாமல் நடத்திவிடுகிறது.

கணக்கும் அப்படியே. பதினைந்து புள்ளி வைத்து எட்டில் நிறுத்தும் இடுக்குப் புள்ளிக் கோலத்தைப் போடச் சொல்லி, மொத்தம் எத்தனை புள்ளி என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒருத்தி ஒவ்வொன்றாக எண்ணுவாள். இன்னொருவன் நடுவரிசையை விட்டுவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் கூட்டி, 77 என்று கண்டு, இரட்டித்து, 15 சேர்த்து 169 என்பான். கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடும் கூட்டல் தரையில் சண்டையாக நடக்கும்.

ஆனால் பாடத்துக்கு உதவுகிறது என்பதற்காக மட்டும் நான் கலைக்காக வாதாடவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, கலைக்கென்று பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குத்தான் கேட்கிறது, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒருவரைச் சட்டம் கேட்கவே இல்லை. அந்த வகுப்புகளில் இருக்கும் ஏழைப் பிள்ளை வண்ணத்தைத் தொட மையத்தை விட்டால் வேறு இடமும் கிடையாது. தாத்தா அடித்த பறையைத் தொடவே கூச்சப்படும்படி வளர்ந்த காலனிப் பையன், மையத்தில் தெருவே பார்க்க அதை அடித்து ஆடும்போது அவன் நிமிர்ந்து நிற்பதற்கு மதிப்பெண் போட முடியாது. அந்தத் தெருவின் கலையை அந்தத் தெருப் பிள்ளைக்கே வீண் என்று சொல்லும் உரிமை இவருக்கு எங்கிருந்து வந்தது?

மையங்களுக்குப் பதிலாகக் கல்வித் தொலைக்காட்சியையும் கைபேசிப் பாடங்களையும் பயன்படுத்தலாம் என்று யோசனை சொல்கிறார். 2020-இலும் 2021-இலும் நம் பிள்ளைகளிடம் அவைதான் இருந்தன. வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போனது. ஆய்வாளர்கள் 2021 டிசம்பரில் அளந்த பின்னடைவு அந்த மாதங்களின் விளைவு. தோற்றுப்போன ஏற்பாட்டை வெற்றி பெற்றதன் இடத்தில் வைக்கச் சொல்வதற்கு என்ன நியாயம்?

அவர் கட்டுரையில் ஓரிடம் மட்டும் சரி. மாதம் ஆயிரம் ரூபாய் என்பது உழைப்பை அவமதிக்கும் தொகை. அதைப் பல மடங்கு உயர்த்து, பயிற்சி கொடு, வண்ணப் பென்சிலுக்கும் பறைக்கும் நிதி ஒதுக்கு என்று அவர் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கையெழுத்திட்டிருப்பேன். கூலி குறைவு என்று காட்டி மையத்தையே மூடச் சொல்கிறார். மூடிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அந்த ஆயிரமும் இல்லை, அவளிடம் வந்த இருபது பிள்ளைகளுக்கு எதுவுமே இல்லை.