கடற்கரை ஜனங்களும் ராக்கெட்டும்

1963-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி மாலை தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிற்று. ராக்கெட் அமெரிக்காவுடையது, மண் யாருடையது? காந்த பூமத்திய ரேகை அவ்வழியே செல்கிறதென்ற ஒரே காரணத்தால் மீனவக் குடும்பங்கள் குடியிருப்பை விட்டு அகன்றன. பிஷப் பெரைரா அவர்கள் தம் சபையாரின் சம்மதம் பெற்று மாதா கோயிலையே ஒப்படைத்தார். கோயில் காரியாலயமாயிற்று, ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் வந்திறங்கின. ஸ்ரீ விக்ரம் சாராபாயின் பெயரைத் தேசம் அறியும், அது நியாயமே. இடம் விட்டுப் போனவர்களில் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்?

இதை இப்போது ஏன் கிளறுகிறோமெனில், குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. இடம் தகுதியானதே. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் இலங்கையை ஒதுக்கி வளைந்து போக வேண்டியிருப்பதால் எரிபொருள் விரயமாகிறது. சிறு ராக்கெட்டுகளுக்கு இது பெரு நஷ்டம். குலசேகரன்பட்டினத்திலிருந்தோ நேரே தெற்கு நோக்கிச் செல்லலாம்.

விஞ்ஞானிகளின் இக்கணக்கை நாம் ஆட்சேபிக்கவில்லை. கடற்கரையில் வேறொரு கணக்கும் உண்டு. ராக்கெட் கிளம்பும் நாளில் அபாய எல்லைக்குள் படகுகள் செல்லலாகாது. வலை இறங்காத நாளில் அடுப்பெரிவது எங்ஙனம்? புறப்பாடு தள்ளிப்போனால் மறுநாளும் அதே கதிதான். அந்நாட்களுக்கு நஷ்டஈடு எவ்வளவு, நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் காவற்காரன் வேலைதானா அல்லது தொழிற்பயிற்சியும் உண்டா என்பதைச் சர்க்கார் நல்ல தமிழில் அச்சிட்டு, ஊர்தோறும் பகிரங்கமாக ஒட்டட்டும்.