ஓட்டைக் காலணா என்ன விலை?

ஆகாத ஆளை 'ஓட்டைக் காலணாவுக்குப் பெறாதவன்' என்று திட்டிய காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்த ஓட்டைக் காலணாவையே லட்ச ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக செல்போனில் ஆசை காட்டுகிறார்கள். பரணில் இருக்கும் தாத்தாவின் தகர டப்பாவுக்குத் திடீர் மவுசு.

நிலவரம் அவ்வளவு இனிப்பாக இல்லை. உலகப் போரின்போது செம்பை மிச்சப்படுத்துவதற்காக நடுவில் துளையிட்டு, 1943 முதல் 1947 வரை அச்சடிக்கப்பட்ட காசு அது. கோடிக்கணக்கில் வெளிவந்தது, இன்றும் நாணய வியாபாரிகளிடம் கை நிறையக் கிடைக்கிறது. 1835-ஆம் ஆண்டு பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் காலணாவும் அப்படியே. இருநூறு வயதை நெருங்குகிறதே என்று மலைக்கலாம். சேகரிப்பாளர் வயதைக் கேட்பதில்லை. எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்றுதான் பார்க்கிறார்.

1911-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னரின் அங்கியில் பொறித்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. அச்சான சுமார் 94 லட்சத்தில் வெளியே போனவை 7 லட்சம்தான், மீதி உருக்கப்பட்டன. அடுத்த ஆண்டே யானையைத் திருத்திவிட்டார்கள். திருத்திய ரூபாய்கள் ஏராளம் என்பதால் அவற்றுக்குப் பெரும்பாலும் வெள்ளியின் விலையும் கொஞ்சம் கூடுதலும்தான் (ஒரு ரூபாயில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி). பன்றி ரூபாய்க்கோ தனி விலை. ஆண்டு ஒன்று தள்ளிப்போனால் கதையே வேறு!

அந்தமானுக்கும் இப்படி ஒரு காசு உண்டு. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1858-இல் கைதிகளின் குடியேற்றம் தொடங்கியது. அங்கே புழங்குவதற்கென்றே 1861-இல் கல்கத்தா நாணயச் சாலையில் செம்பு வில்லைகள் அடித்தார்கள். முகமதிப்பு ஒரு ரூபாய். சின்ன ஊருக்கென்று அடித்தது, மிஞ்சியதும் சொற்பம். அதனால் உள்ளங்கையளவுகூட இல்லாத அந்தச் செம்புக்கு ஏலத்தில் போட்டி நடக்கிறது.

போர்ட் பிளேரிலிருந்து தென்மேற்கே, ஒரு மணி நேரப் பயணத்தில் வண்டூர். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குப் படகு ஏறும் இடம். பூங்காவிலிருந்து சிப்பியோ பவளமோ எடுத்துவரக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மணலைக் கிளறும்போது பச்சைக் களிம்பேறிய காசு ஒன்று அகப்பட்டால்? நம்மவர் செய்யும் முதல் காரியம், புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்குச் சரி. காசின் மேல்தோலோடு அதன் விலையும் அதில் கரைந்துபோகும். உப்புநீர் ஏற்கெனவே அரித்த செம்பு அது; நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அப்படியே காட்டுவது நல்லது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்தப் பத்து ரூபாய் வரம்பு அன்றைய பத்து ரூபாய் என்பது வேறு விஷயம்.

மோசடிக்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. படத்தை அனுப்பச் சொல்வார்கள், விலை பேசுவார்கள், பிறகு பதிவுக் கட்டணம், கமிஷன், வரி என்று வரிசையாகக் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் துணைக்கு இழுப்பார்கள். பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தான் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. நிஜ வியாபாரி முதலில் காசைக் கையில் வாங்கி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார். ஆண்டையும், அதன் பக்கத்தில் நாணயச் சாலையின் குறி இருக்கிறதா என்பதையும்.

லட்சங்களுக்குப் போகும் என்று வதந்தி பரவிய இன்னொரு காசு, வைஷ்ணவ தேவி உருவம் பொறித்து 2012-இல் வந்த பத்து ரூபாய். அதைக் கொடுத்தால் கடைக்காரர் பத்து ரூபாய்க்குச் சாமான் தருவார்.