மேட்டைப் பழிக்காதே, கியரை இறக்கு

போன மாதம் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சடக்கில், லாத்தா இஸ்கண்டார் அருவிக்குப் பக்கத்தில் காற்றிலேயே குளிரும் எஞ்சின் கொண்ட என் கொம்பி வேனை ஓரங்கட்டிவிட்டுப் பெத்தாய்க் கொத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை, புகை இல்லை, எண்ணெய் வாடை இல்லை. ஆனாலும் மலைச் சடக்கில் ஒரு கொம்பி நின்றால் அது சூடாகித்தான் நிற்கிறது என்று ஊரே முடிவுகட்டி வைத்திருக்கிறது.

ஒரு தம்பி வந்து நின்றார். "என்னண்ணே, சூடாயிருச்சா?"

"இல்லையேப்பா."

அவர் நம்பவில்லை. "காத்து எஞ்சின்ணே. மலைக்கு ஆகாது. பின்னால மூடியத் தொறந்து குச்சி குடுத்து வைங்க. மூணுலயே மெதுவா ஏத்துங்க, எஞ்சினக் கத்த விடாதீங்க. ரொம்ப முடியலன்னா ஒரு போத்தல் தண்ணி ஊத்துங்க."

ஒரே மூச்சில் மூன்று யோசனைகள். மூன்றும் எஞ்சினைக் கொல்லும் யோசனைகள். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தன் வண்டியை உதைத்துக் கிளப்பினார். பின்னால் மனைவி, நடுவில் குழந்தை, முன்னால் தொங்கும் இரண்டு பைகள். அவர் ஏறிப் போனது ஒரு கப்சாய் மோட்டார்.

அந்த இடத்திலேயே அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். தம்பி, உங்கள் கப்சாயின் ரேடியேட்டர் எங்கே இருக்கிறது?

கப்சாய்களின் முன்னோடியான ஹோண்டா சூப்பர் கப் 1958இல் பிறந்தது. 2017க்குள் உலகம் முழுக்கப் பத்துக் கோடி வண்டிகள் ஆகிவிட்டன. நம் ஊரில் ஓடிய சி70 ஆகட்டும், இன்றும் ஓடுகிற இ.எக்ஸ்.5 ஆகட்டும், காற்றிலேயே குளிரும் எஞ்சின்கள்தாம். அந்த மோட்டாரில்தான் நம் அப்பாக்கள் செம்மண் சடக்கில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார்கள். கித்தாக் காட்டில் மேடு இல்லையா? சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வெறுங்கையோடு நடந்தாலே மூச்சு வாங்கும் ஏற்றங்களில் அந்த மோட்டார் முப்பது வருடம் ஏறியது. யாராவது 'காத்து எஞ்சின், காட்டுக்கு ஆகாது' என்றார்களா?

இன்னும் ஒன்று. கப்சாயில் விசிறி கிடையாது. வண்டி ஓடினால்தான் அதற்குக் காற்று. கொம்பியோ தன் காற்றைத் தானே வீசிக்கொள்ளும் வண்டி. எஞ்சினோடு பெல்ட்டில் கட்டிய பெரிய விசிறி, நிமிடத்துக்கு 4,000 சுற்றில் நொடிக்கு 500 லிட்டருக்கும் மேல் காற்றை அள்ளிச் சிலிண்டர்கள் மீது அடிக்கிறது. விசிறிக்கூட்டுக்குள்ளேயே எண்ணெய்க் குளிர்ப்பானும் இருக்கிறது. சிலிண்டருக்கும் எண்ணெய்க்கும் ஒரே விசிறிதான் உயிர்.

இப்போது அந்த 'மூணுலயே மெதுவா' யோசனையைப் பார்ப்போம். ஏற்றத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். மூன்றாம் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 2,200 சுற்றில் முக்கிக்கொண்டிருக்கும். அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கினால் 3,600 சுற்றைத் தாண்டும். விசிறி எஞ்சினோடு கட்டப்பட்டது. எஞ்சின் சுற்று கூடினால் விசிறிச் சுற்றும் கூடும். இரண்டாம் கியரில் காற்று ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது, ஒவ்வோர் அடிக்கும் பிஸ்டன் தாங்கும் பாரமோ குறைகிறது. மூன்றாம் கியரில் நீங்கள் முழுசாக மிதிக்கிறீர்கள், எஞ்சின் முழு நெருப்பையும் எரிக்கிறது, விசிறி மட்டும் சோம்பிச் சுற்றுகிறது. இதற்குப் பெயர் எஞ்சினுக்கு இரக்கம் காட்டுவதா? அடுப்பை முழுசாக எரியவிட்டு விசிறியை நிறுத்துகிற வேலை இது.

அந்தத் தம்பிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ரிங்லெட் வளைவில் அவருடைய கப்சாய் முக்கியபோது அவர் கால் என்ன செய்திருக்கும்? தானாகவே கியரை இறக்கியிருக்கும். மூளை சொல்லவேண்டிய அவசியமே இல்லை. இரண்டு சக்கரத்தில் தெரிந்த பாடத்தை நான்கு சக்கரத்தைப் பார்த்ததும் மறந்துபோகிறார்கள். காதில் விழும் சத்தத்துக்குப் பயம். எஞ்சின் கத்தினால் வலிக்கிறது என்று நினைக்கிறார்கள். கொம்பி எஞ்சின் இரண்டாம் கியரில் கத்தும்போது மூச்சு விடுகிறது. மூன்றாம் கியரில் முனகும்போதுதான் சாகிறது.

அடுத்தது, குச்சி கொடுத்து மூடியைத் திறப்பது. இந்தப் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கொம்பியின் எஞ்சின் அறைக்குக் காற்று வருவது பின்பக்க இரு விலாவிலும் மேலே உள்ள கிராதிகள் வழியாக. எஞ்சினைச் சுற்றி ஒரு தகரத் தளம் உண்டு. தகரத்துக்கு மேலே குளிர்ந்த காற்று, கீழே சுட்ட காற்றும் புகைக்குழாயும். இரண்டும் கலக்காமல் இருக்கத்தான் விளிம்பில் ரப்பர்ப் பட்டை. பின்மூடியைத் திறந்துவைத்து ஓட்டினால், கீழே கழித்த வெந்த காற்று மேலே ஏறி விசிறி வாய்க்குள்ளேயே திரும்பப் போகிறது. சடக்குத் தூசியும் கூடவே போகிறது. காற்று எஞ்சின் என்றால் திறந்துபோட வேண்டும் என்று யார் சொன்னது? குளிர்சாதனம் போட்ட அறையில் சன்னலைத் திறந்துவைப்பீர்களா?

இந்தத் தகரத்தால் நான் பட்டதைச் சொல்லாமல் விடமாட்டேன். மூன்று வருடங்களுக்கு முன் கிளட்ச் வேலைக்காக ஈப்போவில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். எஞ்சினை இறக்கி ஏற்றிய போர்மேன், கீழ்த்தகரத்தையும் ரப்பர்ப் பட்டையையும் திருப்பிப் போடவில்லை. கேட்டதற்கு, "அது சும்மா தகரம்தான் பாஸ், எடுத்துட்டா இன்னும் காத்து போகும்" என்றார். அந்த வாரமே கோலக்கங்சார் போகும் நெடுஞ்சாலையில், மெனோரா சுரங்கத்துக்கு முந்தைய நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் விளக்கு மினுக்கியது. அதை நான் பொருட்படுத்தாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் எஞ்சினே போயிருக்கும். அப்படியும் சிலிண்டர் தலை ஒன்று மாற்ற வேண்டி வந்தது. அதே பட்டறையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "காத்து எஞ்சின் பாஸ், மேட்டுக்கு ஆகாது." தகரத்தைத் தூக்கிப் போட்டவர்கள் அவர்கள். பழி எஞ்சினுக்கு.

தகரங்களைத் தேடிப் பிடித்து மாட்டினேன். அதற்குப் பிறகு சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு எத்தனை முறை ஏறியிருப்பேன்! ஒருமுறைகூட விளக்கு மினுக்கவில்லை.

தண்ணீர் ஊற்றும் யோசனையைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. கொதிக்கும் அலுமினியத் தலைமீது குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் அது கோணும், வெடிக்கும். ஓடி வந்த சூட்டில் கப்சாய் எஞ்சின்மீது போத்தல் தண்ணீரை ஊற்றுவீர்களா? மாட்டீர்கள். பிறகு கொம்பிக்கு மட்டும் ஏன்?

தண்ணீர் எஞ்சின்காரர்களுக்கு ஞாபகமறதி அதிகம். இதே தாப்பாச் சடக்கில் பழைய கார்கள் முன்மூடியைத் திறந்துபோட்டு ஆவி கக்கிக்கொண்டு வரிசையாக நின்றதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்போது யாரும் 'தண்ணி எஞ்சின் மலைக்கு ஆகாது' என்று தீர்ப்புச் சொல்லவில்லை. குழாய் வெடித்தது, தண்ணீர் குறைந்தது என்று காரணம் தேடினார்கள். கொம்பிக்கு மட்டும் காரணம் தேட யாருக்கும் பொறுமை இல்லை, பிறப்பிலேயே குறை என்று சொல்லிவிடுகிறார்கள்.

பிறவிக் குறை என்றால் பிரேசில்காரர்கள் என்ன செய்தார்கள்? நம்மைப் போல வெயில் காயும் நாடு. அங்கே 1957 முதல் 2013 வரை கொம்பி செய்தார்கள். அதில் 2005 கடைசி வரைக்கும் காற்று எஞ்சின்தான். 1960களிலும் 70களிலும் ஐரோப்பாவிலிருந்து கைபர் கணவாயைத் தாண்டி இந்தியாவுக்கு வந்து சேர்ந்த கொம்பிகளுக்கு எந்தப் பட்டறை குச்சி கொடுத்தது?

மலையைக் குற்றம் சொல்வதும் அறியாமை. ஈப்போவில் மதியம் 33 டிகிரி வேகும்போது, 1,440 மீட்டர் உயரத்தில் தானா ராத்தாவில் சராசரி வெப்பம் 18 டிகிரிதான். ஏற ஏறக் காற்று மெலிகிறது, ஆனால் குளிர்ந்தும் போகிறது. மலை எஞ்சினுக்கு எதிரி இல்லை. எதிரி நம் வலது கால், பார்க்காமல் விட்ட வால்வு இடைவெளி, முன்பின்னாகிப் போன டைமிங், காற்று கசியும் கார்புரேட்டர் அடி, தளர்ந்த பெல்ட். அந்த எஞ்சினுக்கு எண்ணெயே மொத்தம் இரண்டரை லிட்டர்தான். அதையும் 5,000 கிலோமீட்டருக்கு மாற்றாமல் ஓட்டிவிட்டு மலையைத் திட்டுவதில் என்ன நியாயம்?

'பழசு, ஆகாது' என்ற சொல்லை நம் ஜனங்கள் இவ்வளவு சுலபமாக எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதை நமக்கே சொல்லிச் சொல்லித்தான் பழக்கினார்கள். பால்மரம் ஆகாது என்றார்கள், செம்பனை வந்தது. லயம் ஆகாது என்றார்கள், வீட்டுமனை வந்தது. தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளிக்குத் தோட்டம் நடத்தும் திறமை ஏது என்றும் பேசினார்கள். அதற்குப் பதிலாகத்தான் சுங்கை சிப்புட் மண்ணின் மகன் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளிகளிடமே சேர்த்துத் தோட்டம் வாங்கிக் காட்டினார். ஆகாது என்பது பல நேரம் பார்க்க மாட்டேன் என்பதற்கு மறுபெயர்.

அன்று அப்படிப் பார்ப்பதற்கென்றே தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு ஃபிட்டர் இருந்தார். புகைக்கூடத்து எஞ்சினிலிருந்து துரையின் கார்வரைக்கும் காதை வைத்தே நோய் சொல்வார். அவர் கழற்றிய தகரத்தைத் திருகு எண்ணி மாட்டுவார். அவர் போனபின் அவர் இடத்தில் யாரும் உட்காரவில்லை. இன்று பட்டறைகளில் விற்பது கூடுதல் எண்ணெய்க் குளிர்ப்பான், மின்விசிறி, பளபளக்கும் குரோம் தகரம். முடிவில் எஞ்சினையே கழற்றி எறிந்துவிட்டு வேறு தண்ணீர் எஞ்சினைச் செருகச் சொல்கிறார்கள். முந்நூறு வெள்ளியில் தீரும் குறைக்கு முப்பதாயிரம் வெள்ளி மருந்து.

கொம்பி வைத்திருப்பவர்களே, மலை ஏறும் முன் தகரம் முழுசாக இருக்கிறதா, ரப்பர்ப் பட்டை கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். விசிறி வாயில் துணியோ சருகோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். அது அறுந்தால் விசிறியும் டைனமோவும் சேர்ந்தே நிற்கும், சிவப்பு விளக்கு எரியும். எரிந்த கணமே வண்டியை நிறுத்துங்கள். மூடியை மூடியே வையுங்கள்.

அந்தக் கப்சாய்த் தம்பிக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மேட்டில் உங்கள் கால் தானாகக் கியரை இறக்கும். அதையே கொம்பிக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.