கரும்புத் தொட்டில்ல சுமந்த புள்ளைக்குப் பிஸ்கட்டா?

தீபத் திருவிழா சமயத்துல திருவண்ணாமலை மாட வீதியில கரும்புத் தொட்டில் பார்த்திருப்பீங்க. வேண்டிப் பெற்ற குழந்தையைச் சேலையில போட்டு, கரும்பைத் தோள்ல தாங்கி, அப்பாவும் அம்மாவும் சுத்தி வருவாங்க.

அதே புள்ளைக்கு ஏழாவது மாசம் என்ன குடுக்கறீங்க? பால்ல ஊறவெச்ச பிஸ்கட். "நல்ல பிஸ்கட்தான் டாக்டர்" வேற!

மைதாவும் சர்க்கரையும்ங்க அது. நார்ச்சத்து ரொம்பக் கம்மி. கூடவே வேளாவேளைக்கு மாட்டுப்பால் ஊத்துனா மலம் இறுகும், இரும்புச்சத்தும் குறையும்.

டப்பா மாவு? 2024-ல பப்ளிக் ஐ அமைப்பு பார்த்தப்ப, இந்தியாவுல விக்கிற செரிலாக்ல சர்க்கரை சேர்த்திருந்தது. சுவிட்சர்லாந்துல விக்கிறதுல இல்ல. நம்ம புள்ளைன்னா இளக்காரம்.

அப்புறம் வெத்தலைக் காம்பை விளக்கெண்ணெயில முக்கி ஆசனவாயில வைக்கறது. அது கீறிப் புண்ணாகும். வலிக்குப் பயந்து புள்ள அடக்கும், இன்னும் இறுகும். தயவுசெஞ்சு நிறுத்துங்க.

(தாய்ப்பால் மட்டும் குடிக்கிற மூணு மாசக் குழந்தை சில நாள் போகாம இருந்து, இளக்கமா போனா அது மலச்சிக்கலே இல்ல.)

ஆறு மாசம் முடிஞ்சதா? நம்ம ஜவ்வாது மலைச் சாமை இருக்கு, இல்லன்னா ரேஷன் அரிசி. பாசிப்பருப்போட குழைய வேகவெச்சு, பரங்கிக்காய், முருங்கைக்கீரை மசிச்சு, ஒரு ஸ்பூன் நெய். கொஞ்சம் காய்ச்சி ஆறவெச்ச தண்ணி. தாய்ப்பால் தொடரட்டும்.

பச்சையா வாந்தி, வயிறு உப்பல், மலத்துல ரத்தம், பிறந்து ரெண்டு நாளாகியும் மலம் போகல — இதுல எதுவா இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க.