ஐந்து வண்டிகள் போதும்

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகர்களின் வண்டியே நம்மவர் நினைவுக்கு வருகிறது. பிரிட்டனிலோ அது ஓய்வுபெற்ற ஆசிரியரும் தச்சரும் வார இறுதியில் கடலோரத்திற்கு ஓட்டிச் செல்லும் வீடு. 1901-இல் தோன்றிய முகாம் சங்கமொன்று அங்கே இன்றும் இயங்குகிறது. 1960-ஆம் ஆண்டின் கேரவன் தளச் சட்டம், விலக்குப் பெற்ற சங்கங்களின் உறுப்பினர்கள் தள உரிமம் இன்றி 5 நாள் வரை ஓரிடத்தில் கூட இசைவளிக்கிறது. சங்கம் சான்றளித்த நிலத்தில் ஒரே சமயத்தில் 5 வண்டிகள் வரை நிற்கலாம். மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் உழவர், கட்டடம் எதுவும் எழுப்பாமல், குடிநீர்க் குழாயும் கழிவு கொட்டும் வசதியும் மட்டும் அமைத்து வாடகை பெறுகிறார். கூடுவோரின் ஒழுங்குக்குச் சங்கமே பொறுப்பு. நெறி தவறினால் விலக்கை அரசு திரும்பப் பெறலாம்.

நம் நாட்டில் கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வரவேற்கிறோம். ஆயினும் வண்டிக்கும் பூங்காவுக்கும் கிடைத்த கவனம் சங்கங்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் பகுதிகளில், இரண்டு இரவு தங்கி, குப்பையையும் உடன் எடுத்துச் செல்லும் ஐந்து வண்டிகள் தென்னந்தோப்புக்காரருக்கு நல்ல உபவருமானம் அல்லவா?

கடன் வழங்கும் நாமே இதைச் சொல்வது வியப்பாக இருக்கலாம்: வண்டியை உடனே வாங்க வேண்டாம். ஆண்டில் முந்நூறு நாள் வாசலில் நிற்கும் வண்டிக்கும் தவணை உண்டு, காப்பீடு உண்டு. மதிப்போ தேய்ந்துகொண்டே போகும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து இருமுறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை தீராவிடில் கிளைக்கு வாருங்கள், பேசுவோம்.