மழையும் மாசும்

மழையைப் போற்றாத தமிழர் இல்லை. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்தே வான்சிறப்பை வைத்தார். இளங்கோவடிகளோ திங்களோடும் ஞாயிற்றோடும் மாமழையையும் வாழ்த்தித் தம் காப்பியத்தைத் தொடங்கினார். அந்த வழியிலே வந்த நாம், திருவனந்தபுரத்தில் ஜூன் மாதத்து முதல் மழை கொட்டி ஓய்ந்ததும், "ஆகா, ஊரையே கழுவிவிட்டது!" என்று மகிழ்கிறோம். நானும் அப்படி மகிழ்ந்தவன்தான். கழுவிய நீர் எங்கே போயிற்று என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அக்கேள்வியைத் தம்பானூரில் நின்று கேட்க வேண்டும். புகைவண்டி நிலையத்தின் அடியிலே ஒரு நீரோடை செல்கிறது. ஆமயிழஞ்சான் தோடு என்று அதற்குப் பெயர். (தோடு என்றதும் நம் மாணவியர் காதணியை நினைக்க வேண்டா, மலையாள நாட்டிலே தோடு என்றால் ஓடை.) ஆமைகள் ஊர்ந்து திரிந்த ஓடை என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வானாய்வுக் குன்றின் சரிவிலே பிறந்து, தம்பானூர், பழவங்காடி, தகரப்பறம்பு, வஞ்சியூர், கண்ணம்மூலை வழியாக ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்று ஆக்குளம் காயலில் அது கலக்கிறது. இன்று அந்த ஓடையில் ஆமையைத் தேட வேண்டுமானால் முதலில் பிளாஸ்டிக் குப்பையை விலக்கியாக வேண்டும்.

2024 ஜூலை 13 அன்று, மழைக்காலத்தின் நடுவே, அந்தக் குப்பையை அள்ளத் தொழிலாளி ஒருவர் இருப்புப் பாதைக்கு அடியிலுள்ள சுரங்க வாயில் இறங்கினார். மழை வலுத்தது, வெள்ளம் அவரை இழுத்துச் சென்றது. தீயணைப்புப் படையினர் குப்பை மலைக்குள் மூழ்கித் தேடினர். எந்திர மனிதனை இறக்கினர். கொச்சியிலிருந்து கடற்படை முக்குளிப்போரும் வந்தனர். மூன்றாம் நாள் காலையில் தகரப்பறம்பின் பக்கம் அவர் உடல் மிதந்தது. வீட்டில் அவருக்கு ஒரு தாய் இருந்தார்.

பின்னர் நடந்தது நாம் நன்கறிந்த நாடகம். ஓடை ஒரு துறையினுடையது, மேலே உள்ள நிலம் மற்றொரு துறையினுடையது, குப்பையோ மாநகராட்சியின் பொறுப்பு என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டனர். உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. குற்றவாளி யார் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்கலாகாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அவர் இறங்கியது பெயரால் மழைநீர் ஓடை; உள்ளே இருந்ததோ சாக்கடை. மழைநீர் என்று பெயர் சூட்டிவிட்டால் அதில் வரும் அழுக்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்நகரத்தில் கழிவுநீருக்கு ஒரு வழி, மழைநீருக்கு வேறொரு வழி என்பதே திட்டம். கழிவுநீர் குழாய் வழியே முட்டத்தறை நிலையத்துக்குச் சென்று தூய்மையாக வேண்டும். நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டரைத் தூய்மைப்படுத்தும் ஆற்றல் அந்நிலையத்துக்கு உண்டு. ஆயின் நகரின் பல பகுதிகளுக்குக் குழாய் இன்னும் எட்டவில்லை. எட்டாத வீடும் கடையும் என்ன செய்யும்? பக்கத்திலே மழைநீர் ஓடை இருக்கிறது. இரவிலே ஒரு குழாயைச் செருகினால் வேலை முடிந்தது! மழைநீர் ஓடைக்கோ முடிவில் எந்த நிலையமும் இல்லை. வந்தது வந்தபடியே காயலில் விழும்.

சரி, களவுக் குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டால் மழைநீர் தூயதாகிவிடுமோ? ஆகாது. மண் தரை மழையைக் குடிக்கும். சிமெண்டும் தாரும் குடிப்பதில்லை. பல வாரங்களாகச் சாலையில் படிந்த எண்ணெய், டயர்த் தூள், நாய் எச்சம், மீன் கடைக் கழிவு அனைத்தையும் முதல் மழை வழித்தெடுத்து ஓடுகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஓடைகளில், மழை பெய்ததும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாகிறது என்று 2020-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். அந்நாட்டிலும் 1972-இல் இயற்றிய நீர்த் தூய்மைச் சட்டம் முதலில் ஆலைக் குழாய்களையே நோக்கிற்று. நகரத்து மழைநீருக்கும் உரிமம் வேண்டும் என்று 1987-இல்தான் திருத்தினர். நம் நாட்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. நம் மனமோ இன்னும் ஆலைக் குழாயைத் தாண்டவில்லை. மாசு என்றதும் புகைபோக்கி உள்ள கட்டடத்தைத் தேடுகிறோம்.

ஆக்குளத்தைப் பார்க்காதவர் ஒருமுறை பார்த்து வரலாம். வண்டலால் மேடிட்டு, ஆகாயத்தாமரை மண்டி, நீர் இருக்கும் இடமே சுருங்கிவிட்டது. வேளியிலே பொழி மூடியிருக்கும் நாள்களில் வந்த அழுக்கெல்லாம் அங்கேயே தேங்கும். பொழி திறந்தால் கடலுக்குப் போகும். பொழி என்ற சொல்லை நம் குமரி மாவட்டத்து நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே வலை வீசுவோரும் நம்மைப் போல் மழையை எதிர்பார்ப்பவர்கள்தாம். அவர்களுக்கு மழை எதைக் கொண்டுவந்து கொட்டுகிறது?

2015-இல் தம்பானூர் வெள்ளத்தைத் தடுக்க 'அனந்தா' நடவடிக்கை என்ற பெயரில் ஆக்கிரமிப்புகளை அகற்றி, ஓடைகளைத் தோண்டினர். பாராட்டத்தக்க வேலைதான். எனினும் அது வெள்ளத்துக்குச் செய்த மருந்து. தண்ணீர் விரைந்து ஓட வழி செய்தால், அழுக்கும் விரைந்து ஓடும். ஆண்டுக்கொருமுறை அள்ளுவதை விட, வீடுகளைக் கழிவுநீர்க் குழாயோடு இணைப்பதும், வாய்க்கால் முகப்பிலே குப்பையைத் தடுக்கும் வலை இடுவதும், முதல் மழை நீரைக் குளத்திலோ மண்ணிலோ சற்றே நிறுத்தி வைப்பதும் பயன் தரும். இவற்றுக்கு ஆகும் செலவு மிகுதி என்பர். ஓடைக்குள் மனிதனை இறக்குவது மலிவு என்று கண்டதனால்தானே இத்தனை காலம் அதைச் செய்தோம்?

மாநகராட்சியை மட்டும் குறை கூறிவிட்டுப் பேனாவை மூட எனக்கு வாய் கூசுகிறது. நான் தங்கும் விடுதியின் பின்புறம் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். சமையற்கட்டுக் கழுநீர் மழைநீர் வாய்க்காலில்தான் விழுகிறது. அதன் மேலே, சென்ற பொங்கல் விழாவில் நாம் பாயசம் அருந்திய காகிதக் குவளைகள்! விழா முடிந்ததும் கூட்டித் தள்ளிய கைகளுள் என் கையும் ஒன்று.

இவ்வாண்டுப் பொங்கலுக்கு எவர்சில்வர் குவளைகளை வாடகைக்கு எடுக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். கழுவுவது யார் என்ற கேள்வி எழும். பட்டியலில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் பெயர் செயலாளருடையதாக இருந்தால் மகிழ்வேன்.